ஓராண்டின் உள்ளடக்கம்: நீரிணைக் கிளையின் 1878ஆம் ஆண்டும் தமிழர் வரலாற்றுப் பதிவும்

முன்னுரை

வட்டார வரலாற்றுக் கழகம் ஒன்றினை மதிப்பிட முற்படுவோர் பெரும்பாலும் அதன் நூற்றாண்டு மலரையே முதலில் புரட்டுவர். நிறுவனர் படங்களும் வாழ்த்துச் செய்திகளும் சாதனைப் பட்டியலும் அங்கே ஒருசேரக் கிடைக்கும். ஆனால், கழகத்தின் உண்மையான இயல்பு ஏதேனும் ஓர் ஆண்டின் நடவடிக்கையில்தான் வெளிப்படுகிறது என்பது நம் கருத்து. அவ்வாண்டில் உறுப்பினர்கள் எதைத் தேடிச் சென்றனர், எதை எழுதி அச்சிட்டனர், எதைக் கண்டும் காணாமல் கடந்தனர் என்னும் வினாக்களுக்கு விடை காண்போமாயின், மலர்கள் சொல்லாத பலவற்றை அறிய இயலும்.

அந்நோக்கில் இக்கட்டுரை அரச ஆசியக் கழகத்தின் நீரிணைக் கிளையினுடைய 1878ஆம் ஆண்டை ஆய்வுக்கு எடுத்துக்கொள்கிறது. தாவரம், கனிமம், விலங்கு ஆகியனவும் அக்கழகத்தின் எல்லைக்குள் அடங்கியிருந்தன என்பது உண்மையே. எனினும், மலேசிய, சிங்கப்பூர் வரலாற்றினை எழுதுவோர் இன்றளவும் முதலில் நாடுகின்ற உள்நாட்டு ஆய்விதழ் அதனுடையதாகும். எனவே அதனை இவ்வட்டாரத்தின் மூத்த வரலாற்றுக் கழகங்களுள் ஒன்றாகக் கொள்வதில் தவறில்லை.

முனைவர் பட்ட ஆய்வின் பொருட்டு அயல்நாட்டில் தங்கியிருந்த காலத்தில், பத்தொன்பதாம் நூற்றாண்டு நீரிணைத் தமிழர் பற்றிய குறிப்புகளைத் தேடி இவ்விதழின் முதல் இரு எண்களை நாம் எடுத்துப் பார்த்தோம். தேடியது கிடைக்கவில்லை. அன்று ஏமாற்றமாகத் தோன்றிய அவ்வின்மையே இன்று இக்கட்டுரையின் பொருளாகிறது.

கழகமும் காலமும்

1877ஆம் ஆண்டு நவம்பர் மாதம் சிங்கப்பூரில் நீரிணை ஆசியக் கழகம் என்னும் பெயரில் இவ்வமைப்பு தோன்றியது. அடுத்த ஆண்டிலேயே இலண்டனிலிருந்த அரச ஆசியக் கழகத்தோடு இணைந்து அதன் நீரிணைக் கிளையாயிற்று. மலாக்கா நீரிணையையும் அண்டை நாடுகளையும் சார்ந்த பொருள்களை ஆராய்தல், கட்டுரைகளை இதழாக வெளியிடுதல், நூல்களும் நிலப்படங்களும் கொண்ட நூலகம் அமைத்தல் ஆகியன அதன் நோக்கங்களாக வரையறுக்கப்பட்டன. நோக்கங்கள் இவ்வளவே. வாழ்த்துதல், போற்றுதல், பெருமை நாட்டுதல் ஆகியன அவற்றுள் இடம்பெறவில்லை என்பதை இங்கே மனங்கொள்ள வேண்டும்.

இம்முயற்சிக்கு ஒரு முன்னோடி உண்டு. ஜே. ஆர். லோகன் 1847இல் தொடங்கி நடத்திய இதழ் இந்தியத் தீவுக்கூட்டத்தையும் கீழை ஆசியாவையும் பற்றிய செய்திகளைத் தொகுத்தளித்தது. அவ்விதழ் நின்றுபோனபின் ஏற்பட்ட இடைவெளியை நிரப்பும் பணியைப் புதிய கழகம் மேற்கொண்டது.

கழகம் தோன்றிய அரசியற் சூழலையும் நோக்க வேண்டும். நீரிணைக் குடியேற்றங்கள் 1867 ஏப்ரல் வரை இந்திய நிர்வாகத்தின் கீழ் இருந்தன. அதன்பின்னரே இலண்டன் குடியேற்ற அலுவலகத்தின் நேரடி ஆட்சிக்கு மாறின. 1874இல் பங்கோர் உடன்படிக்கை ஏற்பட்டது. 1875இல் பேராக்கின் முதல் ரெசிடெண்ட் பர்ச் கொல்லப்பட்டார். அதனைத் தொடர்ந்து போர் மூண்டது. இந்நிகழ்ச்சிகளின் சூடு ஆறுமுன்னரே கழகம் தொடங்கப்பட்டது. அதன் முதல் ஆண்டுக் கட்டுரையாளருள் ஸ்வெட்டன்ஹாம், மேக்ஸ்வெல் போன்றோர் மலாய் நாடுகளின் நிர்வாகத்தில் நேரடியாக ஈடுபட்டிருந்தவர்கள். டபிள்யூ. ஏ. பிக்கரிங் 1877இல் சீனர்களுக்கான முதல் பாதுகாவலராக அமர்த்தப்பட்டவர். தலைவர் ஹோஸ் சிங்கப்பூரின் ஆர்ச்டீக்கன் பதவியில் இருந்த சமயகுரு. ஆளப்படுவோரைப் பற்றிய அறிவு ஆள்வோருக்குத் தேவைப்பட்ட காலத்தில், ஆள்வோரே அவ்வறிவைத் திரட்ட அமைத்துக்கொண்ட கழகம் இது எனலாம்.

ஆண்டின் அறுவடை

1878ஆம் ஆண்டில் கழகம் இரு எண்களை வெளியிட்டது. முதலாவது ஜூலையிலும் இரண்டாவது டிசம்பரிலும் வெளிவந்தன. முதல் எண்ணில் தலைவரின் தொடக்கவுரை முதலிடம் பெறுகிறது. தொடர்ந்து சரவாக்கின் கனிமங்கள் பற்றி எவரெட், தீபகற்பத்துப் பழங்குடியினரின் மொழிகள் பற்றி உருசிய அறிஞர் மிக்லுகோ-மக்லாய், தீபகற்பத்தின் புவியியல் பற்றி ஸ்கின்னர், சீன இரகசியச் சங்கங்கள் பற்றிப் பிக்கரிங், மலாய்ப் பழமொழிகள் பற்றி மேக்ஸ்வெல் ஆகியோர் எழுதியுள்ளனர். மலாய்ச் சொற்களை உரோமன் எழுத்தில் எழுதும் முறை குறித்த அரசாங்கக் குழுவின் அறிக்கை மறுபதிப்பாக இடம்பெறுகிறது. அரிசியோடு சேர்த்து வைத்த முத்து குட்டியீனும் என்னும் மக்கள் நம்பிக்கையைப் பற்றியும், பிற பாம்புகளை உண்ணும் கருநாகத்தைப் பற்றியும் டென்னிஸ் எழுதிய கட்டுரைகளும் உள்ளன. தாவரப் பூங்காவின் கண்காணிப்பாளர் மர்ட்டன் கட்டாபார்ச்சாப் பிசினைப் பற்றி எழுதியுள்ளார்.

இரண்டாம் எண்ணில் டயாக் மக்களின் தலைவேட்டைத் திருவிழாப் பாடலைப் பெர்ஹாம் அளிக்கிறார். மேக்ஸ்வெல்லின் பழமொழித் தொகுப்பு தொடர்கிறது. பேராக்கின் இரு கையெழுத்துச் சுவடிகளைப் பற்றியும் அவரே குறிப்பு எழுதுகிறார். ஸ்வெட்டன்ஹாம் மலாய் ஆடல் நிகழ்ச்சி ஒன்றை வருணிக்கிறார். தீபகற்பத்தின் கனிம அமைப்பை டேலி ஆராய்கிறார். துறைமுகங்களில் வழங்கிய கலப்பு ஆங்கிலத்தை டென்னிஸ் எடுத்துக்கொள்கிறார். புதிய மலாய் அகராதிக்கான கருத்துரைகளை இர்விங் முன்வைக்கிறார். சிங்கப்பூர் நிறுவப்பட்டமை குறித்து இராபிள்ஸ் எழுதியதும் அச்சேறுகிறது.

இவ்வறுவடையின் சிறப்பை மறைக்க வேண்டிய தேவை நமக்கில்லை. கட்டுரையாளருள் வரலாற்றைத் தொழிலாகக் கொண்டோர் எவருமிலர். நிர்வாகி, நில அளவையாளர், சமயகுரு, பூங்காக் கண்காணிப்பாளர் ஆகியோர் தத்தம் பணியிடையே கண்டதையும் கேட்டதையும் எழுதினர். ஆய்வு முடிவு முதிரும்வரை அவர்கள் காத்திருக்கவுமில்லை. பழமொழிகளைத் தொகுத்தவர் அவற்றின் தோற்றத்தை முற்றும் விளக்கிவிட்டே வெளியிட வேண்டும் எனக் கருதவில்லை. முதலில் திரட்டல், பின்னரே விளக்கம் என்னும் நெறி அங்குச் செயற்பட்டது. அதனாலன்றோ, அவர்தம் விளக்கங்கள் பல காலாவதியான பின்னரும் அவர்கள் திரட்டியவை பயன்படுகின்றன. புவியியற் கட்டுரையோடு தொடர்புடைய நிலப்படப் பணி 1879இல் தீபகற்பத்தின் நிலப்படமாகவே வெளிவந்தது என்பதும் குறிப்பிடத்தக்கது. ஓராண்டுப் பணி அடுத்த ஆண்டிற்கு ஒரு கருவியை விட்டுச் சென்றது.

பட்டியலில் இல்லாதோர்

இவ்வளவு பரந்த உள்ளடக்கத்தில் தமிழரையோ பொதுவாக இந்தியரையோ தலைப்பாகக் கொண்ட கட்டுரை ஒன்றேனும் இல்லை. மலாயருக்கு இடமுண்டு, சீனருக்கு உண்டு, பழங்குடியினருக்கும் டயாக்கியருக்கும் உண்டு, கருநாகத்திற்கும் உண்டு. ஸ்வெட்டன்ஹாம் தம் கட்டுரைத் தலைப்பில் மலாய் ஆடலைக் குறிக்க 'நாட்ச்' என்னும் இந்தியச் சொல்லையே எடுத்தாண்டிருக்கிறார். இந்தியாவின் சொல் தலைப்பில் ஏறியது. இந்தியாவிலிருந்து வந்தோர் ஏறவில்லை.

அன்றைய நீரிணைக் குடியேற்றங்களில் தமிழர் கண்ணிற்படாத சிறு கூட்டத்தினர் அல்லர். 1860ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி சிங்கப்பூரில் சீனருக்கு அடுத்த நிலையில் இருந்தோர் இந்தியரே. வணிகச் சதுக்கத்தை ஒட்டி அன்று 'கிளிங் தெரு' என்றே ஒரு தெரு இருந்தது. 1921இல்தான் அது சூலியா தெருவெனப் பெயர் மாற்றம் பெற்றது. சவுத் பிரிட்ஜ் சாலையில் 1827இல் நிறுவப்பட்ட மாரியம்மன் கோயில் 1878இல் அரை நூற்றாண்டைக் கடந்திருந்தது. அதற்கு அண்மையில் ஜாமியா சூலியா பள்ளிவாசலும், சற்றுத் தொலைவில் நாகூர் தர்காவும் இருந்தன. பினாங்கு இலவசப் பள்ளியில் 1816இல் தொடங்கிய தமிழ் வகுப்பையும் சேர்த்தெண்ணினால், இந்நீரிணைப் பகுதியில் தமிழ்க் கல்விக்கு அன்றே அறுபதாண்டு வரலாறு இருந்தமை புலனாகும்.

கழகத் தலைவர் ஹோஸ் பணியாற்றிய புனித ஆண்ட்ரூ பேராலயமே இதற்கொரு சான்றாகும். இந்தியாவிலிருந்து நாடுகடத்தப்பட்ட கைதிகளின் உழைப்பால் எழுந்த கட்டடம் அது. சிங்கப்பூரில் அக்கைதிச் சிறை 1873இல் மூடப்பட்டது. அதாவது கழகம் தோன்றுவதற்கு நான்காண்டுகளுக்கு முன்புதான். விடுதலை பெற்றவர் பலர் அப்போது உயிரோடு இருந்திருப்பர். அவர்களிடம் கேட்டு எழுத ஒருவர் முன்வந்திருப்பின், இந்நகரத்தின் சாலைகளையும் கட்டடங்களையும் அமைத்தோரின் சொந்த மொழியிலான சான்று நமக்குக் கிடைத்திருக்கும். மெக்நேர் 1899இல் வெளியிட்ட நூல் அக்கைதிகளைப் பற்றியதே. ஆயின் அது சிறை நிர்வாகியின் பார்வை.

தமிழர் எழுத்தறியாதோராகவும் இல்லை. முகம்மது அப்துல் காதிர்ப் புலவரின் முனாஜாத்துத் திரட்டு 1872இல் சிங்கப்பூரில் அச்சாயிற்று. சிங்கை வர்த்தமானி 1875இல் வெளிவந்ததாக இதழியல் வரலாறு கூறுகிறது. முதல் மலாய்ச் செய்தித்தாளான ஜாவி பெரானாக்கான் 1876இல் சிங்கப்பூரில் தோன்றியபோது அதனை நடத்தியோர் இந்திய முஸ்லிம் மரபில் வந்த உள்ளூர்ச் சமூகத்தினர். நவீன மலாய் உரைநடையின் முன்னோடியாகப் போற்றப்படும் முன்ஷி அப்துல்லாவும் தமிழ் முஸ்லிம் வழிவந்தவரே. மலாக்காவில் இளமையில் தமிழ் கற்பிக்கப்பட்டதை அவர் தம் வரலாற்றில் பதிவு செய்துள்ளார். அந்நூலின் பகுதிகளைத் தாம்சன் 1874இல் ஆங்கிலத்தில் வெளியிட்டிருந்தார். ஆகவே நீரிணைப் பகுதியின் மொழி வரலாற்றில் தமிழுக்குப் பங்குண்டு என்னும் செய்தி, கழகத்தார் கைக்கெட்டும் தொலைவிலேயே இருந்தது.

அதே காலத்தில் கடலுக்கு அப்பால் நிகழ்ந்ததையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைப் பெரும்பஞ்சம் வாட்டியது. நாகப்பட்டினத்திலிருந்து புறப்பட்ட கப்பல்கள் புரோவின்ஸ் வெல்லெஸ்லியின் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் கொண்டுவந்துகொண்டிருந்தன. சிங்கப்பூர்த் தாவரப் பூங்காவிலோ, 1877இல் கியூ பூங்காவிலிருந்து வந்த 22 இரப்பர்க் கன்றுகள் மர்ட்டனின் பொறுப்பில் வளர்ந்துகொண்டிருந்தன. அதே மர்ட்டன்தான் கட்டாபார்ச்சாவைப் பற்றிக் கழக இதழில் எழுதியவர். பிற்காலத்தில் பன்னூறாயிரம் தமிழரை இம்மண்ணுக்கு ஈர்க்கவிருந்த பயிர், இதழாசிரியர் குழுவின் கண்ணெதிரே கன்றாக நின்றது. இதனை அன்று எவரும் முன்னறிந்திருக்க இயலாது. அதற்காக அவர்களைக் குறைகூறுவதும் முறையன்று. கண்ணெதிரே நின்ற மனிதரைப் பற்றி எழுதாமையை மட்டுமே நாம் வினவுகிறோம்.

மௌனத்தின் காரணங்கள்

இம்மௌனத்திற்குக் காலனிய ஆதிக்க மனப்பான்மையே காரணம் என ஒரு வரியில் முடித்துவிடுவது இன்றைய ஆய்வுலகில் எளிது. அவ்விளக்கம் பொய்யன்று, போதுமானதும் அன்று. ஆதிக்க மனப்பான்மை மலாயரையும் சீனரையும் பற்றி எழுதத் தடையாக இருக்கவில்லை. சொல்லப்போனால் தூண்டுகோலாகவே இருந்தது. சீன இரகசியச் சங்கங்கள் ஆட்சிக்கு அச்சமூட்டின; எனவே பிக்கரிங் எழுதினார். மலாய் அரசுகளை ஆளவேண்டியிருந்தது. எனவே அவர்தம் சுவடிகளும் பழமொழிகளும் தேடப்பட்டன. தமிழரோ அச்சமூட்டவும் இல்லை, புதிராகவும் தோன்றவில்லை. நீரிணைக் குடியேற்றங்களே அண்மைக்காலம் வரை இந்தியாவிலிருந்து ஆளப்பட்டமையால், இந்தியரைப் பற்றி அறிய வேண்டியவை கல்கத்தாவிலும் சென்னையிலும் ஏற்கெனவே அறியப்பட்டுவிட்டன என்னும் எண்ணம் நிலவியிருத்தல் கூடும். இங்குள்ள தமிழர் அங்குள்ள தமிழரின் நீட்சியே என்று கருதியோர்க்கு, இங்கே அவர்தம் வாழ்வு எவ்வாறு மாறியது என்பது ஆய்வுப் பொருளாகத் தோன்றியிராது. இது நம் ஊகமே. ஆயினும் அவ்வாண்டின் உள்ளடக்கம் இவ்வூகத்திற்கு இடந்தருகிறது.

இவ்வெண்ணம் ஆங்கிலேயரோடு ஒழிந்துவிட்டதா என்பதே நம்மை உறுத்தும் வினா. நம் இலக்கிய விழாக்களிலும் கருத்தரங்குகளிலும், தமிழர் வரலாறு என்றதும் வைகைக் கரைக்கும் காவிரிக் கரைக்கும் செல்லும் மனம், கிள்ளான் ஆற்றங்கரைக்குத் திரும்பத் தயங்குகிறது. இந்நாட்டுத் தமிழரைத் தமிழகத்தின் நீட்சியாகவே காணும் பழக்கம் நம்மிடமும் உண்டு.

எழுதியோர் யாவர் என்பதையும் நோக்குதல் வேண்டும். 1878ஆம் ஆண்டின் இரு எண்களிலும் கட்டுரையாளர் அனைவரும் ஐரோப்பியரே. ஆனால் அந்நிலை என்றும் நீடித்ததன்று. மலாய் அறிஞர் ஸஅபா மலாய் இதழியலின் வரலாற்றை 1941இல் இதே கழகத்தின் இதழில் எழுதினார். தம் மொழியின் செய்தித்தாள்கள் எப்போது தோன்றின, யாரால் நடத்தப்பட்டன, எப்போது நின்றன என்பதை, படிகள் கைக்குக் கிடைத்த காலத்திலேயே வரிசைப்படுத்தினார். நீரிணைத் தமிழ் இதழ்களுக்கு அதே காலத்தில் அத்தகைய வரிசை ஒன்று செய்யப்பட்டிருப்பின், சிங்கை வர்த்தமானி இன்று வெறும் பெயராக நின்றிராது. 1887இல் தோன்றிய சிங்கை நேசன் நமக்குக் கிடைத்திருப்பதும், எண்ம வடிவில் படிக்க முடிவதும், நூலகங்கள் அதனைப் பேணியமையால்தான். தோட்டத் தொழிலாளி தம் வரலாற்றை எழுதி வைக்கவில்லையே என்று கேட்பது அறமாகாது. ஆனால் வணிகரும் ஆசிரியரும் இதழாளரும் நம்மிடையே இருந்தனர். அவர்தம் மௌனத்திற்கும் நாம் விடை சொல்ல வேண்டும்.

ஏடு காத்தவை

கழகத்தின் பிற்கால நடவடிக்கை முதலாண்டின் குறையை ஓரளவு ஈடுசெய்தது என்பதைச் சொல்லாது விடுவது நேர்மையன்று. சிங்கப்பூர்த் தெருக்களுக்கு உள்ளூர் மக்கள் வழங்கிய பெயர்களை ஹாட்டன் 1891இல் தொகுத்தளித்தார். சீனர் வழங்கிய தெருப்பெயர்களுக்கு ஃபர்ம்ஸ்டோன் 1905இல் தனித் தொகுப்பே செய்தார். கழகம் 1923இல் மலாயாக் கிளை எனப் பெயர் பெற்றபின், கெடாவின் புஜாங் பள்ளத்தாக்கில் குவாரிட்ச் வேல்ஸ் நடத்திய அகழாய்வின் விரிவான அறிக்கை 1940இல் அதன் இதழில் வெளிவந்தது. தமிழிலக்கியமும் சோழர் கல்வெட்டுகளும் சுட்டும் கடாரத்தைப் பற்றிப் பேசுவோர் எவரும் அவ்வறிக்கையைத் தவிர்த்துச் செல்ல முடியாது.

அவ்வறிக்கையின் பயன் 2013இல் வேறொரு வகையில் வெளிப்பட்டது. புஜாங் பள்ளத்தாக்கின் பதினோராம் எண் சண்டி, நில மேம்பாட்டுப் பணியின்போது இடிக்கப்பட்டமை அவ்வாண்டு இறுதியில் தெரியவந்து பெரும் எதிர்ப்பைக் கிளப்பியது. கல் போயிற்று. அங்கே ஒரு வழிபாட்டிடம் இருந்தது என்பதையும் அதன் அமைப்பையும் எடுத்துக்காட்ட ஆய்வாளர் நாடியது எழுதி வைக்கப்பட்ட பதிவுகளையே. வரலாற்றுக் கழகத்தின் ஓராண்டுப் பணி, கட்டடத்தைக் காக்கும் ஆற்றலற்றதாக இருக்கலாம். கட்டடம் இருந்தது என்பதை மறுக்க முடியாதபடி செய்யும் ஆற்றல் அதற்குண்டு.

நம் கழகங்களின் ஓராண்டு

1878ஆம் ஆண்டின் உள்ளடக்கத்தை ஒருபுறமும், நம்மிடையே இயங்கும் வரலாறு, பண்பாடு சார்ந்த அமைப்புகளின் ஆண்டறிக்கைகளை மறுபுறமும் வைத்து ஒப்பிட்டுப் பார்த்தோம். பெயர்களைக் குறிப்பிடுதல் நம் நோக்கமன்று. அவற்றுள் சிலவற்றில் நாமும் பொறுப்பு வகித்துள்ளோம். ஆண்டுப் பொதுக்கூட்டம், விருந்து, பொன்னாடை, தமிழகப் பேச்சாளர் ஒருவரின் உரை, வண்ண மலர் ஆகியன அவ்வறிக்கைகளை நிரப்புகின்றன. அவ்வாண்டில் புதிதாகத் திரட்டப்பட்ட ஆவணம் எது என்னும் கேள்விக்கு அவற்றுள் பெரும்பாலானவை விடை தருவதில்லை. நீரிணைக் கிளையினர் நம்மைப் பற்றி எழுதவில்லை என்று வருந்துகின்ற நாம், நம்மைப் பற்றி என்ன எழுதினோம்?

நம் தவறு ஒன்றையே சான்றாகக் கூறுவது பொருந்தும். சில ஆண்டுகளுக்கு முன்பு பேராக் மாநிலத்தில் மக்கள் வெளியேறிக்கொண்டிருந்த தோட்டம் ஒன்றிற்கு மாணவருடன் சென்றோம். கோயிற் கிடங்கில் இருந்த தகரப் பெட்டியில் ஆலயக் குழுவின் கூட்டக் குறிப்பேடுகள் கிடைத்தன. திருவிழாச் செலவு, உபயகாரர் பெயர், கங்காணிக்கும் குழுவினருக்கும் நேர்ந்த பிணக்கு, தோட்டத் துரையிடம் விடுமுறை கேட்டு எழுதிய விண்ணப்பத்தின் நகல் ஆகியன அவற்றில் இருந்தன. மாணவர் சில பக்கங்களை மட்டும் படமெடுத்தனர். பருவ விடுமுறையில் மீண்டும் வந்து முழுவதும் படியெடுக்கலாம் என்று நாம்தாம் சொன்னோம். திரும்பிச் சென்றபோது கோயில் புதுப்பிக்கப்பட்டிருந்தது. பழைய பொருள்கள் எரிக்கப்பட்டிருந்தன. எரித்தவர்களை நாம் குறைகூறவில்லை. அவர்கள் கோயிலைத் தூய்மை செய்தனர். அவ்வேடுகளின் மதிப்பை அறிந்திருந்தவர் நாம் ஒருவரே. தள்ளிப் போட்டவரும் நாமே. மேக்ஸ்வெல் பருவ விடுமுறைக்குக் காத்திருக்கவில்லை.

இதன்பொருட்டே 1878ஆம் ஆண்டின் உள்ளடக்கத்தை நம் பணிக்கு மாதிரியாகக் கொள்ளலாம் என்கிறோம். அவர்கள் தீபகற்பத்தின் புவியியலை எழுதினர். நாம் தோட்டங்களின் தமிழ்ப் பெயர்களைத் தொகுக்கலாம். கும்பினி இட்ட ஆங்கிலப் பெயர் ஒன்றாகவும் தொழிலாளர் நாவில் வழங்கிய பெயர் வேறாகவும் இருந்த தோட்டங்கள் பல. பினாங்கின் தண்ணீர்மலையும் சிங்கப்பூரின் சுண்ணாம்புக் கம்பமும் அவ்வாறு நகர்ப்புறத்தில் வழங்கிய பெயர்களே. அவர்கள் பழமொழி திரட்டினர். பால்மரக் காட்டிலும் செம்பனைக் காட்டிலும் பிறந்த சொல்லும் சொலவடையும் இன்றும் எழுபது வயதைக் கடந்தோரிடம் உள்ளன. அவர்கள் பேராக் அரசர் சுவடியைத் தேடினர். நமக்கு ஆலயக் குறிப்பேடும் தமிழ்ப்பள்ளியின் வருகைப் பதிவேடும் தோட்டத்துச் சங்கக் கணக்கும் சுவடிகளே. அவர்கள் துறைமுகத்தின் கலப்பு மொழியை ஆராய்ந்தனர். மலாயும் தமிழும் கலந்த சந்தைப் பேச்சு நமக்கு ஆய்வுப் பொருளாகாதா? கடை, கப்பல், முதல், கட்டில் ஆகிய சொற்கள் மலாயில் வழங்குவதை வகுப்பில் பெருமையோடு சொல்கிறோம். மலாய்ச் சொற்கள் தோட்டத்துத் தமிழில் எவ்வாறு குடிபுகுந்தன என்பதை அத்தகைய ஆர்வத்தோடு எழுதுவதில்லை.

இப்பணிக்குப் பேரறிஞர் தேவையில்லை. சந்துவும் அரசரத்தினமும் முறையே 1969இலும் 1970இலும் வெளியிட்ட நூல்கள் மலாயா இந்தியர் வரலாற்றிற்கு அடித்தளம் இட்டன. ஆனால் அத்தகைய நூல்கள் எழுவதற்கு வட்டார அளவில் திரட்டப்பட்ட செய்திகள் வேண்டும். மலேசியாவில் ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. ஒவ்வொரு பள்ளியிலும் ஓர் ஆசிரியர் ஆண்டுக்கு ஒரு முதியவரின் நினைவைப் பதிவு செய்து, ஒரேயோர் ஆவணத்தைப் படியெடுப்பாராயின், ஓராண்டின் அறுவடை எத்துணைப் பெரிதாகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. சிங்கப்பூரில் 1965 முதல் ஐம்பதாண்டுகளில் வெளிவந்த தமிழ்ப் படைப்புகளைத் தன்னார்வலரும் நிறுவனங்களும் இணைந்து எண்ம வடிவமாக்கி 2015இல் நிறைவேற்றினர். அத்தகைய ஒழுங்கு நம்மால் இயலும் என்பதற்கு அதுவே சான்று.

இன்னும் பின்னோக்கிச் சென்றால், மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறையின் பொருட்டுச் சாரங்கபாணி முன்னின்று நடத்திய 'தமிழ் எங்கள் உயிர்' நிதித் திட்டத்தைக் காண்கிறோம். தோட்டத் தொழிலாளரும் தத்தம் பங்கினை அதற்கு ஈந்தனர். நூல் வாங்க வெள்ளி கொடுத்த அம்மக்களைப் பற்றிய நூல்கள் நம் துறைகளின் நூலகங்களில் எத்தனை அலமாரிகளை நிரப்புகின்றன என்று எண்ணிப் பார்ப்பது, நம்மைப் போன்ற விரிவுரையாளர்க்கு நல்ல பயிற்சியாகும்.

முடிவுரை

நீரிணைக் கிளையின் 1878ஆம் ஆண்டு இருவகைப் படிப்பினையை நமக்கு அளிக்கிறது. வாழ்ந்துகொண்டிருந்த ஒரு சமூகத்தை, அது அறிமுகமான சமூகம் என்பதனாலேயே ஒரு கழகம் எழுதாமல் விட்டுவிடக்கூடும் என்பது ஒன்று. முற்றுப்பெறாத செய்தியாயினும் உரிய காலத்தில் திரட்டி அச்சிட்டால் நூற்றாண்டு கடந்தும் அது பயன்படும் என்பது மற்றொன்று. முன்னதற்காக அவர்களைக் குறைகூறுவதோடு நிறுத்திக்கொண்டு, பின்னதைக் கற்காமல் விடுவோமாயின் இழப்பு நம்முடையதே.

வரும் பருவத்தில் நம் மாணவர்க்கு வழக்கமான ஆய்வேட்டுத் தலைப்புகளுடன் ஒரு சிறு பணியையும் சேர்த்தளிக்க எண்ணியுள்ளோம். ஒவ்வொருவரும் தம் ஊரின் ஆலயத்திலோ பள்ளியிலோ சங்கத்திலோ உள்ள ஒரு குறிப்பேட்டைக் கண்டறிந்து, அதனை முதல் பக்கம் முதல் இறுதிப் பக்கம் வரை படியெடுத்து வர வேண்டும். விளக்கவுரை பிறகு எழுதிக்கொள்ளலாம். தமிழாசிரியர்கள் தத்தம் பள்ளியிலும் இதனைச் செய்து, கிடைத்தவற்றின் பட்டியலை இவ்விதழுக்கு அனுப்புவராயின், அடுத்த ஆண்டு நம் உள்ளடக்கத்தில் அவற்றிற்கென ஒரு பகுதியை ஒதுக்குமாறு இதழாசிரியர் குழுவை வேண்டிக்கொள்வோம்.